அளவெடுத்துத் தைத்த ஆசனம்: பருமனானவர்கள் வீட்டில் யோகா தொடங்க

குனிந்து கால் விரலைத் தொடச் சொல்கிறார்கள். கை முழங்காலைத் தாண்டுவதற்குள் தொப்பை மடங்கி, மூச்சு முட்டி, முகம் சிவந்துவிடுகிறது. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று பின்னாலிருந்து குரல் வருகிறது. பருமனான பலர் யோகா வகுப்பை விட்டு நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். இரண்டு காலையும் இடுப்பைவிட அகலமாக வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, எதிரே ஒரு நாற்காலியைப் போட்டு அதன்மேல் கையை ஊன்றச் சொல்லியிருந்தால், அதே குனிதல் அதே ஆளுக்கு அன்றைக்கே வந்திருக்கும். வயிற்றுக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

இப்படி மாற்றிச் செய்வது குறுக்கு வழி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்குத் துள்ளும் வேகத்தில் ஆசனம் சொல்லிக்கொடுத்த யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், 1950களில் சென்னைக்கு வந்தபின் ஒவ்வொருவருடைய வயது, நோய், உடல்வாகு பார்த்துத் தனித்தனியாகத்தான் கற்றுக்கொடுத்தார். அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் புனேயில் நாற்காலி, வார், கயிறு, மரக்கட்டை எல்லாவற்றையும் ஆசனத்துக்குத் துணையாகக் கொண்டுவந்தார். நம் வீட்டில் வாருக்குப் பதில் பழைய துப்பட்டாவோ துண்டோ போதும்.

முதலில் கணக்கு

எடை குறைய வேண்டும் என்றுதான் பலரும் பாயை விரிக்கிறார்கள். அதனால் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் நிதானமாக ஆசனங்கள் செய்தால் சுமார் 175 கலோரி செலவாகும். சும்மா படுத்திருந்தாலே அந்த ஒரு மணி நேரத்தில் 70 கலோரி போயிருக்கும். சூரிய நமஸ்காரம் என்றால் 230 வரை வரும். வேகமாக நடந்தால் 300. மறுபக்கம், ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு டீ, டீக்கு இரண்டு டீஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரை மட்டுமே 160 கலோரி. ஒரு மணி நேர ஆசனம் ஏறக்குறைய அந்தச் சர்க்கரையிலேயே கரைந்துவிடும்.

அப்படியானால் யோகா எதற்கு? இடுப்பும் முழங்காலும் இறுக்கம் விட்டால் நடப்பது எளிதாகிறது. தொடையில் வலு வந்தால் படி ஏறப் பயமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வயிறு நிறைந்துவிட்டதா, இது பசியா சலிப்பா, முதுகு எங்கே இழுக்கிறது என்று உடம்பு சொல்வதைக் கவனிக்கும் பழக்கம் வருகிறது. எடை குறைவது பெரும்பாலும் தட்டிலும் நடையிலும் தூக்கத்திலும் நடக்கிறது. அந்த மூன்றையும் விடாமல் பிடித்துக்கொள்ளும் நிதானம் பாயில் பழக்கப்படுகிறது.

"தொப்பை மட்டும் குறைய ஆசனம்" என்று எதுவும் கிடையாது. வயிற்றுத் தசைக்கு வேலை கொடுத்தால் அந்தத் தசை வலுவாகும். மேலே இருக்கும் கொழுப்பு எங்கிருந்து முதலில் குறையும் என்பதை உடம்புதான் முடிவு செய்யும். வியர்வையும் அப்படியே. ஒரு மணி நேரம் வியர்த்துக் குறைந்த அரைக் கிலோ, இரண்டு சொம்பு தண்ணீரில் திரும்பி வந்துவிடும்.

தொடங்குவதற்கு முன்

இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திடீரென எடை ஏறியிருந்தால் தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மாத்திரை, சில மனநல மருந்துகள் காரணமாக இருக்கலாம். தோளை ஊன்றிக் காலை மேலே தூக்கும் சர்வாங்காசனம் செய்தால் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், நிறுத்தாதீர்கள். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரை எடுப்பவர்களும் குளுக்கோஸைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். உடம்பு நடுங்கி, குப்பென்று வியர்த்தால் உடனே நிறுத்திவிட்டு மூன்று டீஸ்பூன் குளுக்கோஸை நீரில் கலந்து குடியுங்கள். கட்டுக்குள் வராத இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ இருந்தால் இடுப்புக்குக் கீழே தலை போகும் ஆசனம் எதுவும் வேண்டாம். முதுகுத் தட்டு விலகியவர்கள் முன்னால் வளைவதை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. நெஞ்சில் வலியோ அழுத்தமோ, தலைசுற்றலோ வந்தால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். விரிப்பு 6 மில்லிமீட்டர் தடிமன் போதும். மெத்தைபோல் தடிமனாக வாங்கினால் நின்று செய்யும் ஆசனங்களில் கணுக்கால் ஆடும். டைல்ஸ் தரையில் கோரைப்பாய் வழுக்கும், வேண்டாம். நைட்டியும் லுங்கியும் காலில் சிக்கும். வயிற்றை இறுக்கும் லெக்கிங்ஸைவிடத் தளர்ந்த சுடிதார் பேன்ட் நல்லது.

நாற்காலி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் எடை தாங்கும்போது வெளிப்பக்கம் விரியும், டைல்ஸில் நழுவும். மரமோ இரும்போ, கைப்பிடி இல்லாத கனமான நாற்காலியாக எடுத்து, அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கீழே விரிப்பின் ஒரு பகுதி இருந்தால் நகராது.

தரையில் இறங்குவதும் எழுவதும்

யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம் இது. உட்கார்ந்தால் எழ முடியுமா என்ற பயத்திலேயே பலர் தரையைத் தொடுவதில்லை. இறங்கும்போது நாற்காலியின் இருக்கையில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, அந்த முழங்காலை மடித்த போர்வைமேல் மெதுவாக இறக்குங்கள். அடுத்த முழங்கால். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து இடுப்பைத் தரையில் வையுங்கள்.

எழும்போது மல்லாந்த நிலையிலிருந்து நேராக எழும்ப முயலாதீர்கள். முழங்காலை மடக்கி ஒருக்களித்துத் திரும்பி, மேல்பக்கத்துக் கையால் தரையைத் தள்ளி உட்காருங்கள். அங்கிருந்து கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி நான்கு காலில் நில்லுங்கள். நாற்காலிவரை நகர்ந்து, இருக்கையில் இரண்டு கையையும் வைத்து, வலுவான காலின் பாதத்தை முன்னால் ஊன்றி, மூச்சை வெளியே விட்டபடி எழுந்திருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். முதல் வாரம் இதை மட்டும் தினம் மூன்று முறை செய்தாலே போதுமான பயிற்சி.

எதை எப்படி மாற்றுவது

உட்கார்ந்து எழுதல். உத்கடாசனத்தின் எளிய வடிவம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, பாதங்களை இடுப்பைவிடச் சற்று அகலமாக, விரல்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வையுங்கள். வயிறு தொடைகளுக்கு நடுவே இறங்க அப்போது இடம் கிடைக்கும். உடலை முன்னால் சாய்த்து, குதிகாலால் தரையை அழுத்தி எழுந்திருங்கள். மூன்று எண்ணுவதற்குள் மெதுவாக இறங்குங்கள். கடைசி ஒரு சாண் தூரத்தில் பொத்தென்று விழுவதுதான் வழக்கமான தவறு. தொடைக்கு உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது. முடியவில்லை என்றால் இருக்கைமேல் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். எழும்போது முழங்கால்கள் உள்பக்கம் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால், தொடைகளைச் சுற்றித் துண்டைத் தளர்வாகக் கட்டி, அதை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே எழுங்கள். எட்டு முறை, இரண்டு சுற்று. வலி இல்லாமல் வந்தால் வாரம் ஒன்றாகக் கூட்டிப் பன்னிரண்டு வரை போகலாம்.

அதோமுக சுவானாசனம். கையும் காலும் ஊன்றி, இடுப்பை மேலே தூக்கி நிற்பது. தரையில் கை ஊன்றிச் செய்தால் உடம்பின் எடையில் கணிசமான பங்கு மணிக்கட்டுக்கும் தோளுக்கும் வரும். மார்பும் வயிறும் தொண்டையை நோக்கிச் சரிந்து மூச்சு திணறும். சமையல் மேடை முன் நில்லுங்கள். விளிம்பில் கைகளைத் தோளகலம் வைத்து, பின்னால் நடந்து, இடுப்பைப் பின்பக்கம் தள்ளுங்கள். முதுகு மேசைபோல் நீண்டு, காது மேற்கைக்கு நேராக வரட்டும். முழங்காலை மடக்கிக்கொள்ளலாம். ஐந்து மூச்சு. நீட்சி கிடைக்கிறது, தலை தொங்குவதில்லை.

நான்கு காலில் நின்று முதுகை வளைக்கும் மார்ஜரி ஆசனத்தில் மணிக்கட்டு வலித்தால், விரிப்பின் நுனியை இரண்டு மடிப்புச் சுருட்டி உள்ளங்கையின் அடிப்பகுதி அதன்மேலும் விரல்கள் கீழே தரையிலும் இருக்கும்படி வையுங்கள். மணிக்கட்டு மடங்கும் கோணம் குறையும். ஆள்காட்டி விரலின் அடிமேட்டால் தரையை அழுத்துங்கள். எடை முழுவதும் சுண்டுவிரல் பக்கம் போவதால்தான் பெரும்பாலும் வலிக்கிறது.

மண்டியிட்டு முன்னால் கவிழும் பாலாசனத்தில் பெருவிரல்களைச் சேர்த்து, முழங்கால்களை விரிப்பின் இரு ஓரம்வரை அகட்டுங்கள். குதிகாலுக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு தலையணை, மார்புக்குக் கீழே ஒன்று. முன்னால் சாயும் முன் வயிற்றின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் ஏந்தி, சற்று மேலே தூக்கி, தொடைகளின் நடுவே விடுங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. தலைமுடியை ஒதுக்கிக் கட்டுவது போலத்தான். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்திலும் இதே உத்திதான். ஒரு மடித்த போர்வைமேல் உட்கார்ந்து, கால்களை அகட்டி, பாதத்தில் துண்டை மாட்டி இழுத்துக்கொள்ளுங்கள். தலை முழங்காலைத் தொட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

முன்காலை மடக்கி, பின்காலை நீட்டி நிற்கும் வீரபத்ராசனத்துக்குப் படங்களில் காட்டும் அகலம் தேவையில்லை, இரண்டரை அடி இடைவெளி போதும். பின்குதிகாலைச் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஆடாது. முன்முழங்கால் கணுக்காலுக்கு நேர் மேலே நிற்கட்டும்.

சேது பந்தாசனம் முதுகு வலிக்காரர்களுக்கு நல்ல துணை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குதிகால்களை இடுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, இடுப்பைத் தூக்குங்கள். மார்பின் பாரம் தொண்டையை அழுத்தினால் நான்கு விரற்கடை உயரம் தூக்கினாலே போதும். மூன்று மூச்சு, மூன்று முறை.

சவாசனத்தில் மல்லாந்து படுத்ததும் மூச்சு அடைக்கிறதா? வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் அப்படி ஆகும். முதுகுக்கும் தலைக்கும் சாய்வாகத் தலையணைகளை அடுக்குங்கள், அல்லது இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். உரக்கக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர்கள், பகலில் கண் சொக்குபவர்கள் தூக்க மூச்சுத்தடைக்கான பரிசோதனை செய்துகொள்வது அவசியம். தூக்கம் கெட்டால் மறுநாள் பசியும் கூடும்.

சூரிய நமஸ்காரத்தில் இடறும் நான்கு இடங்கள்

கையைத் தூக்கும் இரண்டாம் நிலையில் பின்னால் வளையாதீர்கள். வயிற்றின் பாரம் ஏற்கெனவே இடுப்பு முதுகை முன்னால் இழுத்து வளைத்திருக்கிறது. அதன்மேல் இன்னொரு வளைவு சேர்ந்தால் கீழ்முதுகு கிள்ளும். நேராக மேலே நீண்டால் போதும்.

எட்டு அங்கமும் தரையில் படும் ஆறாவது நிலையில், முதலில் இரண்டு முழங்காலையும் வைத்து, பிறகு முழு உடம்பையும் தரையில் கிடத்திவிடுங்கள். அடுத்து வரும் புஜங்காசனத்தில் உள்ளங்கையை ஊன்றாமல் முழங்கைகளை ஊன்றி மார்பைத் தூக்குங்கள்.

பெரிய சிக்கல் ஒன்பதாம் நிலையில். பின்னாலிருக்கும் காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவர வேண்டும். வயிறு வழியில் நிற்கும், பாதம் பாதியில் விழும், முழங்கால் விரலைத் தாண்டி முன்னால் போய் வலிக்கும். ஒவ்வொரு கைக்குக் கீழேயும் ஒரு செங்கல் வைத்தால் இடம் பிறக்கும். இரண்டு தடிமனான புத்தகங்களும் ஆகும். அப்போதும் வரவில்லையென்றால் இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, கணுக்காலைக் கையால் பிடித்து முன்னால் நகர்த்துங்கள். இன்னும் எளிது வேண்டுமானால் பன்னிரண்டு நிலைகளையும் நாற்காலி இருக்கையில் கை ஊன்றியே செய்யலாம். இரண்டு சுற்றில் தொடங்கி வாரத்துக்கு ஒன்று கூட்டுங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வேகத்துக்கு அதுதான் அளவு. 108 சுற்றுக் கனவு முழங்காலைத்தான் கெடுக்கும்.

மூச்சு

கொழுப்பு எரிந்து வெளியேறுவது பெரும்பாலும் மூச்சு வழியாகத்தான். 10 கிலோ கொழுப்பு எரிந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாகவும் மீதி 1.6 கிலோ தண்ணீராகவும் போகிறது. அதற்காகக் கபாலபாதியில் வேக வேகமாக ஊதினால் கொழுப்பு கரையாது. தசை வேலை செய்து எரித்தால்தான் வெளியே விடுவதற்கு அந்த வாயு உண்டாகும். உயர் இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கர்ப்பம், அண்மையில் வயிற்று அறுவை சிகிச்சை என்றால் கபாலபாதியைத் தொடவே வேண்டாம். நாடி சுத்தி போதும். வலது பெருவிரலால் வலது நாசியை மூடி, இடது நாசியில் நான்கு எண்ணும்வரை உள்ளிழுங்கள். மோதிர விரலால் இடதை மூடி, வலதில் ஆறு எண்ணும்வரை விடுங்கள். வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. ஒன்பது சுற்றுக்கு மூன்று நிமிடம் ஆகும். நடுவில் மூச்சை அடக்க வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் தினமும் 15 நிமிடம், அடுத்த மாதம் 25, பிறகு 40 என்று கூட்டிக்கொண்டு போகலாம். இதோடு வாரத்தில் ஐந்து நாள் 30 நிமிட நடை சேர்ந்தால், உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் 150 நிமிடம் நடையிலேயே வந்துவிடும்.

தட்டும் எண்ணெய்ப் புட்டியும்

பட்டினி வேண்டாம். காலையில் சாப்பிடாமல் இருந்து இரவு எட்டு மணிக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் தின்பதுதான் அதன் முடிவு. தட்டில் பாதி பொரியல், கூட்டு, கீரை. கால் பங்கு சோறு. மீதிக் கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், இவற்றில் ஒன்று. காய்கறியை முதலில் வைத்து, சோற்றைக் கடைசியாகப் பரிமாறிக்கொண்டால் அளவு தானாக அமையும். எண்ணெயைப் புட்டியிலிருந்து நேராக வாணலியில் ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். பெரியவர் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டு, 1ஆம் தேதி வாங்கிய எண்ணெய் எந்தத் தேதிவரை வந்தது என்று பாருங்கள். மறைந்திருந்த கலோரி அங்கே தெரிந்துவிடும்.

வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போகச் சுமார் 20 நிமிடம் ஆகும். இரண்டாம் முறை வாங்குவதற்கு முன் ஐந்து மூச்சு நிதானமாக விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் பசி இருந்தால் குற்ற உணர்வு இல்லாமல் சாப்பிடுங்கள். கல்யாண வீட்டில் லட்டு தின்றதற்காக மறுநாள் இரட்டிப்பாக ஆசனம் செய்வது வேண்டாம். ஆசனத்தைத் தண்டனையாக்கினால் மனம் அதை வெறுக்கத் தொடங்கிவிடும்.

எடை இயந்திரம், நாடா

வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலையில் கழிப்பறை சென்றபின், வெறும் வயிற்றில். ஊறுகாயும் அப்பளமும் தின்ற மறுநாள் உடம்பு நீரைப் பிடித்துக்கொள்ளும். மாதவிடாய்க்கு முன்பும் அப்படித்தான். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ கூடிக் குறைவது கொழுப்புக் கணக்கில் வராது. பெண்கள் போன மாதத்தின் இதே வாரத்தோடு ஒப்பிடுவதே சரி. பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு வாரம் தசைகள் நீரைத் தேக்குவதால் எடை கொஞ்சம் ஏறவும் செய்யலாம். பயந்து விட்டுவிடாதீர்கள். அதன்பிறகு வாரம் அரைக் கிலோ குறைந்தால் நல்ல வேகம். 80 கிலோக்காரர் நான்கு கிலோ குறைந்தாலே இரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரியத் தொடங்கும்.

இடுப்பளவைப் பேன்ட் கட்டும் இடத்தில் எடுக்காதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் நாடாவைச் சுற்றுங்கள். இந்தியர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. எடையோடு இன்னும் மூன்றைக் குறித்துவையுங்கள்: கை ஊன்றாமல் எத்தனை முறை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது, எத்தனை படி ஏறியதும் மூச்சு வாங்குகிறது, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள். எடை நகராத வாரத்திலும் இந்த மூன்றில் ஒன்று நகர்ந்திருக்கும்.

பேச்சும் கண்ணாடியும்

"என்னடி இப்படிக் குண்டாயிட்டே?" என்று விசேஷ வீட்டில் கேட்கும் அத்தைக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை. "நல்லா இருக்கேன் அத்தை, நீங்க முழங்கால் வலி எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று பேச்சைத் திருப்பிவிடலாம். அதைவிடக் கடினம் நம் வாயிலிருந்தே வருவது. கண்ணாடி முன் வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து "சீ" என்கிறோமே, அந்த இடத்தில் கையை விரித்து வயிற்றின்மேல் வைத்து, மூன்று மூச்சு, அது ஏறி இறங்குவதைப் பாருங்கள். இன்றைய அளவுக்குச் சரியாகப் பொருந்தும் இரண்டு செட் துணி தைத்துக்கொள்ளுங்கள். இளைத்தபின் போடலாம் என்று பீரோவில் தொங்கும் ரவிக்கை, திறக்கும்போதெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டிருக்கும்.

வகுப்பில் சேர்ந்தால், முதல் நாள் உங்கள் நோய், மருந்து, வலி பற்றிக் கேட்கும் ஆசிரியரிடம் போங்கள். கேட்காமலேயே முதுகில் கை வைத்து அழுத்துபவரையும், மற்றவர் முன்னால் உங்கள் தொப்பையைச் சொல்லிச் சிரிப்பவரையும் விட்டு விலகுங்கள்.

ஒரு நாளில் பலமுறை எடை பார்ப்பது, சாப்பிட்டதை வாந்தியெடுப்பது, பேதி மாத்திரை போடுவது, சாப்பாட்டை ஒளித்துத் தின்பது என்று போனால் ஆசனத்தை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

காய்ச்சலோ ஊர்ப் பயணமோ வந்து பத்து நாள் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள். கடைசியாகச் செய்ததில் பாதி: எட்டு முறை எழுந்தவர் நான்கு முறை, ஆறு சுற்றுச் சூரிய நமஸ்காரம் செய்தவர் மூன்று. ஒரு வாரத்தில் பழைய கணக்கு திரும்பிவிடும்.